இரட்டைக் கிளட்ச் வண்டியும் ஏற்றத்தில் புறப்பாடும்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநர் உரிமம் வேண்டி வருகிறவர் அதிகாரியின் முன்னிலையில் செய்து காட்ட வேண்டிய காரியங்களை எடுத்துச் சொல்லுமிடத்தில், செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைத் தக்கபடி கையாண்டோ, அல்லது ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையும் கையாண்டோ, சிறிதும் பின்னால் உருளாமல் நயமாக மறுபடி புறப்படுவதையும் ஒரு பரீட்சையாக வைத்திருக்கின்றன. நம் ஊர்ப் பரீட்சை மைதானங்கள் பெரும்பாலும் சமதரையாக இருப்பதாலும், எட்டுப் போட்டுக் காட்டுவதிலும் ரிவர்ஸ் எடுத்துக் காட்டுவதிலுமே பரீட்சகரின் கவனமும் பரீட்சைக்கு வந்தவரின் கவலையும் தீர்ந்துவிடுவதாலும், இந்த விதி ஏட்டளவில் நின்றுவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதை எழுதியவர்கள் ஹேண்ட் பிரேக்கை ஒரு வழியாகவும் கால்மிதிகளை மற்றொரு வழியாகவும் சமமாக வைத்து, எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்பதை ஓட்டுகிறவரின் விவேகத்துக்கே விட்டுவிட்டது கவனிக்கத்தக்கது. அவர்கள் காலத்தில் நம் சாலைகளில் இல்லாதிருந்த இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இன்று நடுத்தரக் குடும்பங்களின் வண்டிகளிலும் வந்து அமர்ந்துவிட்டபடியால், அந்த விவேகத்தை எந்த ஆதாரத்தின்மேல் நிறுத்துவது என்று ஆராய்வது அவசியமாகிறது.

இவ்வகை வண்டி வைத்திருப்பவர்களிடையே உலவும் அபிப்பிராயங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. கிளட்ச் மிதியே இல்லாத வண்டிக்கு ஹேண்ட் பிரேக் எதற்கு, அது இரவில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகும்போது போடுவதற்கு மட்டுமே என்பார் ஒருவர். பழைய டிரைவர்களிடம் தொழில் கற்ற இன்னொருவரோ, சிவப்பு விளக்கு எங்கே தென்பட்டாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலன்றி மனம் அமைதியடையமாட்டார். இவ்விருவரையும் பார்த்துச் சிரிக்கும் இளைஞர், ஏற்றத்தில் வண்டியைப் பிடித்துவைக்கும் ‘ஹில் ஹோல்ட்’ வசதி வந்தபிறகு இந்த வாதமே வியர்த்தம் என்று முடித்துவிடுவார். மூவரும் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் தத்தம் வாதத்தைக் காலுக்குக் கீழே என்ன மிதி இருக்கிறது, கைக்கு அருகில் என்ன நெம்புகோல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்களேயன்றி, என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதில்லை.

இந்த யந்திரத்தின் பூர்வீகம் நாம் எண்ணுவதைவிடப் பழையது. ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் மோட்டார் கொட்டகையைக் கவனித்துவந்தவரும், பனியிலும் மணலிலும் ஓடக்கூடிய அரைச்சங்கிலி வண்டிகளை உருவாக்கியவருமான அடோல்ஃப் கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், ருஷ்யப் புரட்சிக்குப் பின் தாய்நாடு திரும்பி, 1939-ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு கிளட்ச்சுகளைக் கொண்ட கியர்பாக்ஸ் ஒன்றைச் சிந்தித்தார். யுத்தம் குறுக்கிட்டது, 1943-இல் அவரும் காலமானார், கருத்து உறங்கிப்போயிற்று. எண்பதுகளில் போர்ஷே நிறுவனத்தார் தம் பந்தய வண்டிகளில் அதை எழுப்பி, 1986-இல் மோன்சாவில் வெற்றியும் கண்டார்கள். சாதாரண ஜனங்கள் விலை கொடுத்து வாங்கக்கூடிய வண்டியில் அது வந்தது 2003-இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 என்னும் மாதிரியில். பந்தயத்தில் ஓடுகிற வண்டி ஏற்றத்தில் நின்று நின்று புறப்பட வேண்டியதில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கியர்பாக்ஸின் மேன்மைகளெல்லாம் ஓட்டத்தில் பிறந்தவை, அதன் சங்கடங்களெல்லாம் ஊர்தலில் பிறந்தவை.

அமைப்பு எளிதாகவே சொல்லக்கூடியது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு தண்டுகள். ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு தண்டில், இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றில். ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனிக் கிளட்ச். வண்டி இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது கியர் மறு தண்டில் பொருந்தித் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடுபட மறு கிளட்ச் பற்றிக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப்பொழுதில் கியர் மாறிவிடும். பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்னும் எண்ணெய் நிறைந்த பாத்திரம் இருந்து, வண்டி நின்றாலும் என்ஜின் சுழன்றாலும் இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசத்தை எண்ணெயின் சுழற்சியிலேயே தாங்கிக்கொண்டது. இரட்டைக் கிளட்ச் வண்டியில் அந்த எண்ணெய்ப் பாத்திரம் கிடையாது. ‘டிரைவ்’ நிலையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி தானாக மெல்ல ஊர்கிறதே, அது டார்க் கன்வர்ட்டரின் குணம் அன்று. அதைப் போலத் தோன்றும்படி கம்ப்யூட்டர் கிளட்ச்சைப் பாதி பற்றவைத்து நடத்தும் வேலை. நம் டிரைவர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று எதைச் சொல்லிப் புதியவர்களைக் கண்டிப்பார்களோ, அதையேதான் யந்திரம் நமக்காகச் செய்துகொண்டிருக்கிறது.

முதல் கியரில் என்ஜின் ஐடிலில் சுழலும்போது கிளட்ச் முழுவதும் பற்றிவிட்டால் வண்டியின் வேகம் மணிக்கு சுமார் ஆறு கிலோமீட்டர் இருக்கும். அதற்குக் குறைந்த எந்த வேகத்திலும், யார் ஓட்டினாலும், எந்தக் கம்பெனி செய்த வண்டியானாலும், கிளட்ச் வழுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். வழுக்கினால் உஷ்ணம் பிறக்கும். எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது, எத்தனையோ வாதப் பிரதிவாதங்களைவிடத் தெளிவு தரும். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள ஒரு வண்டி எட்டடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் பாரம் 175 கிலோ. பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் இலேசாக மிதித்து வண்டியை அதே இடத்தில் அசையாமல் நிறுத்தினால், முதல் கியரின் விகிதத்தையும் சக்கரத்தின் ஆரத்தையும் கொண்டு பார்க்குமிடத்து, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுழலும் என்ஜினின் உழைப்பு முழுவதும், ஏறக்குறைய மூன்று கிலோவாட்டுக்கு மேல், கிளட்ச்சில் உஷ்ணமாக இறங்குகிறது. வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் பெரிய கெய்சர் ஒன்றை, சில கிலோ எடையுள்ள இரும்புத் தட்டின்மேல் நீரில்லாமல் வைத்து எரியவிட்டதற்கு இது சமானம். அந்த இரும்பு வினாடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் சூடேறும்; ஒரு நிமிஷம் அப்படி நின்றால் எழுபது டிகிரி ஏறிவிடும். ஏற்கெனவே நகர நெரிசலில் காய்ந்துவந்த கிளட்ச் என்றால், உராய்வுப் பட்டைகள் தம் பிடிப்பை இழக்கத் தொடங்கும் இருநூறு, இருநூற்றைம்பது டிகிரி வெகு தூரத்தில் இல்லை.

இதே வண்டி சமதரையில் நிதானமாக ஒருமுறை புறப்படும்போது கிளட்ச்சில் பிறக்கும் உஷ்ணம் மூன்று கிலோஜூலுக்கும் குறைவே. அதாவது, ஏற்றத்தில் ஒரு நிமிஷம் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துவது சமதரையில் எழுபது தடவை புறப்படுவதற்கு ஒப்பாகும். ஏறக்குறைய எல்லா இரட்டைக் கிளட்ச் வண்டிகளின் கையேடுகளும் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள் என்று ஒரே குரலில் சொல்வதற்குக் காரணம் இதுவே. கையேட்டை வண்டி வாங்கிய அன்று பார்த்துவிட்டு டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் நாம் என்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்ல நேர்ந்தது.

இதே கணக்கிலிருந்து வேறொரு உண்மையும் கிடைக்கிறது. அது பலருக்கு எதிர்பாராததாக இருக்கக்கூடும். ஏற்றத்தில் புறப்படும்போது ஆக்ஸிலரேட்டரை மயிலிறகால் தடவுவதுபோல் தொட்டு, வண்டி நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி மெல்ல எடுப்பதே யந்திரத்துக்குச் செய்யும் உபகாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. மேலே சொன்ன ஏற்றத்தில், கிளட்ச் முழுவதும் பற்றும் வேகத்தை இரண்டு வினாடியில் எட்டும்படி தீர்மானமாகப் புறப்பட்டால் ஏறக்குறைய ஆறு கிலோஜூல் உஷ்ணம் பிறக்கிறது. எட்டு வினாடி எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் புறப்பட்டாலோ அது பதினைந்து கிலோஜூலைத் தாண்டிவிடுகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே வழுக்கும் காலம் நீள்வதுதான் கேடு. ஆகவே ஏற்றத்தில் இடைவெளி கிடைக்கும்வரை பிரேக்கில் நின்று, கிடைத்தவுடன் மிதியைச் சீறவிடாமலும் தயங்காமலும் அழுத்தி, கிளட்ச்சை விரைவில் பற்றவிடுவதே சரியான முறை. முன்னால் நிற்கும் வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர்வது என்பது நம் ஊர் வழக்கம். இடையில் கொஞ்சம் இடம் விட்டால் ஆட்டோவோ ஸ்கூட்டரோ நுழைந்துவிடும் என்னும் பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நுழைந்தால் நுழையட்டும் என்றே நான் சொல்வேன்.

எல்லா இரட்டைக் கிளட்ச்சும் ஒரே ஜாதியல்ல. முதலில் வந்த ஃபோக்ஸ்வாகன் ஆறு கியர் அமைப்பில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் முழுகிக் கிடந்தன. ஆறரை லிட்டர் எண்ணெய் சுழன்று உஷ்ணத்தை வாங்கிக்கொண்டுபோய் வெளியே கொட்டியது. 2008-இல் சிறிய என்ஜின்களுக்காக வந்த ஏழு கியர் அமைப்பான டி.கியூ.200-இல் கிளட்ச்சுகள் உலர்ந்தவை, 1.7 லிட்டர் எண்ணெய் கியர்களுக்கு மட்டும் போதுமானதாயிற்று. எடையும் எரிபொருளும் மிச்சமாயின. ஆனால் உஷ்ணம் போக வழி காற்று ஒன்றே. 2013-இல் இந்தியாவில் போலோ ஜி.டி.யில் வந்ததும், இன்று 1.5 லிட்டர் விர்டஸ், ஸ்லாவியா முதலிய வண்டிகளில் இருப்பதும் இந்த உலர் வகையே. ஹுண்டாய், கியா கம்பெனிகள் 2019 முதல் இங்கே தந்துவரும் ஏழு கியர் அமைப்பும் உலர்ந்ததே. டாடா நிறுவனம் 2022-இல் ஆல்ட்ராஸில் கொண்டுவந்தது எண்ணெயில் முழுகிய வகை. வாங்குகிறவர் இருக்கையின் தோலையும் திரையின் அங்குலத்தையும் விசாரிக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை இந்தக் கேள்விக்குச் செலவிட்டால் பின்னால் வரும் மனஸ்தாபங்களில் பாதி இல்லாமற்போகும்.

உலர் கிளட்ச்சின் சரித்திரத்தில் பகிரங்கமான சச்சரவுகளும் உண்டு. 2013-இல் சீனாவில் தேசியத் தொலைக்காட்சி இதைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பியதைத் தொடர்ந்து ஃபோக்ஸ்வாகன் ஏறக்குறைய 3,84,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டின் இறுதியில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து நின்று நின்று ஓட வேண்டிய தேசங்களில் செயற்கை எண்ணெய் மின்கோளாறுக்குக் காரணமாகலாம் என்று கண்டு, உலகெங்கும் சுமார் 16 லட்சம் வண்டிகளில் அதைக் கனிம எண்ணெயாக மாற்ற முற்பட்டது. ஃபோர்டின் உலர் கிளட்ச் அமைப்பு புறப்படும்போது உதறுகிறது என்ற புகார்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நீதிமன்றம் வரை சென்றன. புகார் சொன்ன வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அக்கம்பெனிக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இவற்றில் யந்திரத்தின் குறைகளே பிரதானம் என்பதில் ஐயமில்லை. ஓட்டுகிறவர்மேல் எல்லாப் பழியையும் சுமத்திய சில விற்பனையாளர்களின் போக்கு நியாயமானதன்று. இருந்தாலும், குறையுள்ள யந்திரம் சமவெளியிலும் நெடுஞ்சாலையிலும் வருஷக்கணக்கில் உழைத்ததும், ஏற்றமும் நெரிசலும் உள்ள ஊர்களில் சீக்கிரம் தளர்ந்ததும், ஓட்டும் முறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதையே காட்டுகின்றன.

இனி ஹேண்ட் பிரேக்குக்கு வருவோம். இரட்டைக் கிளட்ச் வண்டியின் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவரின் உத்தேசத்தை முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்துதான் அறிகிறது: ஒன்று கால் பிரேக், மற்றொன்று ஆக்ஸிலரேட்டர். கால் பிரேக் அழுந்தியிருக்கும்வரை, ‘டிரைவ்’ நிலையில் முதல் கியர் பொருந்தியிருந்தாலும் கிளட்ச் பிரிந்தே நிற்கும். ஒன்றும் தேயாது, ஒன்றும் சூடேறாது. ஆகையால் சிக்னலில் கால் பிரேக்கை மிதித்தபடி நிற்பதால் கிளட்ச் கெடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. காலை எடுத்தாலோ, போக விருப்பம் என்று கம்ப்யூட்டர் கொண்டு, கிளட்ச்சை ஊர்வதற்கேற்பப் பற்றவைக்கிறது. இப்போது பழைய டிரைவரின் பழக்கத்தோடு ஒருவர் ‘டிரைவ்’ நிலையிலேயே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கால் பிரேக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கையால் இழுக்கும் நெம்புகோல் உள்ள பல வண்டிகளில் கிளட்ச்சை ஆளும் கம்ப்யூட்டருக்கு இது எட்டுவதில்லை. சக்கரங்கள் கட்டப்பட்டிருக்க, கிளட்ச் அவற்றை உருட்டப் பார்த்து வழுக்கிக்கொண்டேயிருக்கும். வண்டி இலேசாகக் குனிந்து முனகுவதைக் கவனித்தால் இது தெரியும். சில புதிய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் போட்ட செய்தியையும் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு கிளட்ச்சைப் பிரித்துவிடுகிறது. எது எப்படியாயினும், ஹேண்ட் பிரேக்கை நம்பிக் காலை எடுப்பதானால் ‘நியூட்ரல்’ போட்டுவிட்டு எடுப்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும். அரை நிமிஷ சிக்னலுக்குக் கால் பிரேக் போதும். ரயில்வே கேட்டுக்கோ, மண் சரிந்து மறித்த பாதைக்கோ நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் வேண்டும். பிரிட்டனின் சாலை விதி நூல் நிற்கும் வரிசையில் ஹேண்ட் பிரேக் போட்டுக் கால் பிரேக்கை விடச் சொல்வது கிளட்ச்சின் நலத்துக்காக அன்று, பின்னால் இருப்பவரின் கண்ணில் சிவப்பு விளக்கு உறுத்தாமலிருக்க. அந்த நாகரிகமும் நியூட்ரல் போட்டால்தான் இவ்வகை வண்டியில் சேதமில்லாமல் கைகூடும்.

ஏற்றத்தில் வண்டியைப் பிடித்துவைக்கும் யோசனை புதிதல்ல. 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் வண்டிகளில் அது வந்துவிட்டது: வண்டி மேல்நோக்கிச் சாய்ந்தால் ஒரு சிறு குண்டு தன் பாரத்தாலேயே உருண்டு பிரேக் எண்ணெயின் வழியை அடைக்கும், கிளட்ச் மிதியை விடும்போது அந்த அடைப்பு நீங்கும். இன்றைய ‘ஹில் ஹோல்ட்’ அதே காரியத்தை, சரிவை உணரும் கருவியையும் சறுக்கலைத் தடுக்கும் அமைப்பின் வால்வுகளையும் கொண்டு செய்கிறது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தபின் சுமார் இரண்டு வினாடி அழுத்தம் நீடிக்கும். அதற்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி புறப்படும். மிதிக்காவிட்டால் பிடி விட்டுப்போகும். இந்த இரண்டு வினாடி காலை மாற்றுவதற்கான அவகாசமே ஒழிய, யோசிப்பதற்கான அவகாசம் அன்று. அதன் பின் வண்டி பின்னால் உருளத் தொடங்கினால், முதல் கியர் பொருந்திய தண்டு தலைகீழாகச் சுழல, என்ஜினின் சுழற்சியோடு அதுவும் சேர்ந்து கிளட்ச்சின் வழுக்கல் முன்னிலும் அதிகமாகிறது. அந்நிலையில் பதறி ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதைவிட, மறுபடி கால் பிரேக்கை மிதித்து முதலிலிருந்து தொடங்குவதே மேல்.

மின் ஹேண்ட் பிரேக்கும் ‘ஆட்டோ ஹோல்ட்’ பொத்தானும் உள்ள வண்டிகளுக்கு இந்தக் கவலையில் பெரும்பகுதி இல்லை. வண்டி முழுதும் நின்றபின் காலை எடுத்தாலும் பிரேக் அழுத்தம் காலக்கெடு இல்லாமல் நீடிக்கும். கம்ப்யூட்டருக்கும் அது தெரியுமாதலால் கிளட்ச் பிரிந்தே நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பிரேக்கும் கிளட்ச்சும் ஒன்றையொன்று அறிந்து நடந்துகொள்ளும். ஏற்றமும் நெரிசலும் சேர்ந்த இடத்துக்கு இதைவிட உகந்த ஏற்பாடு இதுவரை வரவில்லை என்பது என் அபிப்பிராயம். விலையுயர்ந்த மாதிரிகளில் மட்டும் இதைக் கொடுத்துவிட்டு, மலிவான மாதிரியில் அதே உலர் கிளட்ச்சை இது இல்லாமல் விற்கும் வழக்கம் எனக்கு உவப்பாயில்லை. ஊர்ந்து ஊர்ந்து ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது மட்டும் ஆட்டோ ஹோல்ட் குறுக்கே வந்து தொல்லை தரும், அப்போது அணைத்துவிடலாம்.

நெம்புகோல் உள்ள வண்டிக்குப் பழைய வித்தை இன்றும் பயன்படும், சிறு திருத்தத்தோடு. கால் பிரேக் அழுந்தியிருக்க ஹேண்ட் பிரேக்கை உறுதியாக இழுத்து, ‘டிரைவ்’ நிலை இருக்கிறதா என்று பார்த்து, காலை ஆக்ஸிலரேட்டருக்கு மாற்றி மிதித்து, வண்டி முன்னே போக முனைவது உடம்புக்குத் தெரிந்தவுடன் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பழைய வண்டியில் கிளட்ச் பற்றும் புள்ளியைத் தேடிக்கொண்டு சிறிது நேரம் நிற்கலாம்; இங்கே அந்தத் தேடல் கம்ப்யூட்டருடையது, நமக்கு மிஞ்சுவது கையின் சுறுசுறுப்பு ஒன்றே. ஒரு வினாடிக்கு மேல் ஆக்ஸிலரேட்டரும் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருக்க விடக்கூடாது. செங்குத்தான ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு, பின்னால் ஒட்டி நிற்கும் வண்டி ஒன்று இருக்குமானால், ஹில் ஹோல்டின் இரண்டு வினாடியைவிட இந்த முறையையே நான் நம்புவேன். இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்ஸிலரேட்டரையும் ஒருங்கே மிதிக்கும் தந்திரம் இவ்வண்டிகளுக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்து அழுந்தினால் பல வண்டிகள் என்ஜினின் சக்தியைத் தாமே குறைத்துவிடும், புறப்பட வேண்டிய தருணத்தில் வண்டி சோர்ந்து நிற்கும்.

எந்த ஏற்றம் ஆபத்தானது என்பதிலும் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும், வால்பாறைப் பாதையின் நாற்பதையும், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறையும் எண்ணிப் பயப்படுகிறவர்கள், தங்கள் வீட்டு அடித்தளக் கார் நிறுத்தத்தின் சாய்தளத்தைப் பற்றி நினைப்பதேயில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நியமங்கள் மலைச்சாலைக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவில் ஏற்றம் வைத்து, மிக நெருக்கடியான இடத்தில்கூட ஏழு, எட்டுக்கு மேல் போகாதிருக்க விரும்புகின்றன. பழைய பாதைகளும் வளைவின் உட்புறமும் இதற்கு விலக்கு என்றாலும், மலைப்பாதையின் பெரும்பகுதியில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, கிளட்ச் முழுவதும் பற்றியிருக்கிறது, அதற்கு ஆயாசமில்லை. வளைவுக்கு முன்பே மேனுவல் முறையில் முதல் அல்லது இரண்டாம் கியருக்கு இறக்கிக்கொண்டால், வளைவின் நடுவில் கியர் மாறும் தடுமாற்றமும் இராது. ஆனால் விடுமுறை நாள் மாலையில் வணிக வளாகத்தின் அடித்தளத்திலிருந்து, எட்டுக்கு ஒன்று சாயும் வளைந்த தளத்தில், சீட்டுக் கொடுக்கும் கதவுவரை இருபது வண்டிகள் ஓரடி ஓரடியாக ஏறுகின்றனவே, காற்றோட்டமற்ற அந்தச் சுரங்கத்தில் உலர் கிளட்ச் படும் பாட்டுக்கு எந்த மலையும் ஈடாகாது. டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடேறிவிட்டது, பத்திரமாக நிறுத்துங்கள் என்ற எச்சரிக்கை பலருக்கும் முதலில் அங்கேதான் தோன்றுகிறது. தோன்றினால், பிரேக்கை மிதித்து ‘பார்க்’ போட்டு, என்ஜினை ஓடவிட்டபடியே கையேடு சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் எழும் ஹாரன் சத்தத்துக்குப் பணிந்து ஏறத் தொடங்கினால் செலவு நம்முடையது.

மலைப்பாதையில் இருவண்டி கடக்க இடமில்லாத இடத்தில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று நம் சாலை விதிகள் 1989-இலும், மறுபடி 2017-இலும் சொல்லியிருக்கின்றன. ஏறுகிறவன் நின்றால் மறுபடி புறப்படுவது கடினம் என்பதே இதன் நியாயம். பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் நின்றுவிட்டால் கிளீனர் குதித்தோடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹில் ஹோல்டும் ஆட்டோ ஹோல்டும் வந்தபின் இந்த மரியாதை அவசியமற்றது என்று கருதும் சொகுசு வண்டிக்காரர்கள், எதிரே வருவதும் தம் வண்டி போன்றதே என்று எண்ணிக்கொள்கிறார்கள் போலும்.

ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரிவர்ஸிலும் வழுக்கல்தான், அதோடு, ஓட்டுகிறவர் கண்ணாடியையும் கேமராவையும் பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வதால் வழுக்கும் காலம் நீளும். டி.கியூ.200 வகையில் ரிவர்ஸ் இரட்டைப்படைக் கியர்களின் கிளட்ச்சோடு சேர்ந்தது. ஆகையால் முன்னும் பின்னுமாக இடம்பார்த்து நிறுத்தும்போது இரண்டு கிளட்ச்சும் மாறி மாறிச் சூடேறும். சாய்வான வீட்டு வாசலுக்குள் வண்டியை விடுவோர், நடுச்சாய்வில் நின்று யோசிக்காமல், சமதரையிலேயே திசையைச் சரிசெய்துகொண்டு ஒரே மூச்சில் எடுப்பது நலம்.

கடைசியாக, சரிவில் வண்டியை விட்டுவிட்டுப் போகும் சந்தர்ப்பம். ‘பார்க்’ நிலையில் வண்டியைப் பிடிப்பது கியர்பாக்ஸின் உள்ளே ஒரு பல்சக்கரத்தில் விழும் சிறிய எஃகு நாக்கு. அதன்மேல் முழு வண்டியின் பாரத்தையும் தொங்கவிட்டால், மறுநாள் நெம்புகோலை நகர்த்தும்போது ‘டக்’ என்ற சத்தத்தோடு திமிறிக்கொண்டு விடுபடுவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். அதைத் தவிர்க்கும் முறை எளிது: கால் பிரேக்கை மிதித்தபடி ‘நியூட்ரல்’ போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் அமரச் செய்து, மறுபடி மிதித்து, அதன்பின் ‘பார்க்’ போட வேண்டும். மறுபடி புறப்படும்போது கால் பிரேக், ‘டிரைவ்’, பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவித்தல். மலையிறங்கி வந்து உடனே நிறுத்துகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், இறக்கத்தில் காய்ந்த தட்டுகள் ஆறும்போது சுருங்கி, இழுத்துவைத்த பிடி தளரும். மின் ஹேண்ட் பிரேக்குகளில் பல சிறிது நேரம் கழித்துத் தாமே மீண்டும் இறுக்கிக்கொள்ளும். கையால் இழுக்கும் வண்டிக்கு அந்த ஞானம் இல்லையாதலால், வழக்கத்தைவிட ஒரு கிளிக் கூட்டி இழுத்து, முன் சக்கரங்களைக் கீழ்நோக்கி நிற்கும்போது நடைபாதைக் கல்லின் பக்கமாகவும், மேல்நோக்கி நிற்கும்போது அதற்கு எதிர்ப்பக்கமாகவும் திருப்பி வைத்துவிட்டே இறங்க வேண்டும். நடைபாதையே இல்லாத நம் மலை ஊர்களில், மேல்நோக்கி நின்றாலும் கீழ்நோக்கி நின்றாலும், மலைச்சுவர் எந்தப் பக்கமோ வண்டி அந்தப் பக்கமே உருளும்படி திருப்பி வைக்க வேண்டும்.